தன்னம்பிக்கை களத்தில் எப்படி வளர்கிறது?

பிள்ளையை ஏதாவது ஒரு விளையாட்டில் சேர்த்துவிட்டால் தன்னம்பிக்கை தானாக வந்துவிடும் என்று பெற்றோர் பலர் நம்புகிறார்கள். இறகுப்பந்து கற்கும் சிறுவர் சிறுமியரைப் பல ஆண்டுகளாக அருகிலிருந்து பார்த்துவருபவன் என்ற முறையில், அது பாதி உண்மை என்றே சொல்வேன். ஒரே பயிற்சியாளரிடம் ஒன்றாகச் சேர்ந்த இருவரில் ஒருவர் நிமிர்ந்து நிற்கப் பழகுவதையும், மற்றவர் முன்பைவிட ஒடுங்கிப்போவதையும் கண்டிருக்கிறேன். திறமையில் இருவருக்கும் பெரிய வேறுபாடு இருந்ததில்லை. அவர்களுக்குக் கற்றுத்தரப்பட்ட விதத்தில்தான் இருந்தது.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் உருவாகிறது என்று எழுதினார். தானே செய்து வெற்றி காண்பது, பிறர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர் சொல்லும் ஊக்கச் சொல், அந்த நேரத்தில் தன் உடலும் உணர்வும் காட்டும் அறிகுறிகள் ஆகியவையே அந்த நான்கு. இவற்றுள் முதலாவதே மிக வலுவானது என்பது அவர் கருத்து. விளையாட்டின் தனிச்சிறப்பும் இங்கேதான் இருக்கிறது: செய்தது சரியா தவறா என்பதை அந்த நொடியிலேயே, யாருடைய தயவும் இன்றி, அது காட்டிவிடுகிறது.

இறகுப்பந்தில் ஆட்டத்தைத் தொடங்க வலையை ஒட்டிப் போடும் குட்டை சர்வீஸை எடுத்துக்கொள்வோம். வலையின் நடு உயரம் 1.524 மீட்டர், ஷட்டிலை அடிக்கும் இடமோ தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். எனவே ஷட்டில் மேலெழுந்து வலையைக் கடந்ததும் உடனே இறங்கியாக வேண்டும். சற்று உயர்ந்தாலும் எதிராளி பாய்ந்து அடித்துவிடுவார். புதிதாகக் கற்கும் சிறுமி, இறகின் நுனியைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்தபடி மட்டையை மெல்லத் தள்ளுகிறாள். ஷட்டில் வலையில் விழுகிறது, மறுபடியும் விழுகிறது. நல்ல பயிற்சியாளர் அப்போது, “எவ்வளவு உயரமாகப் போனாலும் பரவாயில்லை, முதலில் வலையைத் தாண்டட்டும்” என்கிறார். அது கைவந்த பிறகு எதிர்ப்பக்கத்தில் வலைக்கு அருகிலுள்ள சர்வீஸ் கோட்டை ஒட்டி விழவேண்டும் என்கிறார். உயரத்தைக் குறைப்பது அதற்கும் பிறகு. சில வாரங்களில் அவள் சர்வீஸுக்கு முன் ஒரு மூச்சை வெளியே விடத் தானாகவே பழகியிருப்பாள். ஷட்டில் வலையின் மேல்விளிம்பை உரசுவதுபோல் கடந்து விழும்போது அவள் திரும்பி யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அந்த நிலைக்கு வந்த பிள்ளையைப் பார்ப்பதில் எனக்குள்ள மகிழ்ச்சி கோப்பைகளைப் பார்ப்பதில் இல்லை.

இதற்கு மாறாக, வந்த புதிதிலேயே தேர்ந்த ஆட்டக்காரர்களோடு மோதவிட்டு, ‘தோற்றுத் தோற்றுத்தான் தேறுவான்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதை நான் ஏற்பதில்லை. நம்பிக்கை வேரூன்றும் முன் வரும் தொடர் தோல்வி அதைக் குலைத்துவிடும் என்று பண்டூராவும் சொல்கிறார். வேரூன்றிய பிறகு வரும் தோல்வியின் கதை வேறு. அது எங்கே திருத்த வேண்டும் என்பதைக் காட்டும்.

பிறரைப் பார்த்து வரும் நம்பிக்கைக்கு பிரிட்டிஷ் ஓட்டவீரர் ரோஜர் பேனிஸ்டரின் ஓட்டத்தைச் சொல்வது வழக்கம். 1954 மே 6 அன்று அவர் ஒரு மைல் தொலைவை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடி, நான்கு நிமிட எல்லையை முதன்முதலாகக் கடந்தார். 46 நாள்களில் ஆஸ்திரேலிய ஓட்டவீரர் ஜான் லாண்டி அதையும் முறியடித்தார். மனத்தடை உடைந்ததால் நடந்த அற்புதம் என்று இதைக் கூறுபவர்கள், லாண்டி 1952இலேயே 4 நிமிடம் 2 வினாடியளவில் ஓடியவர் என்பதைச் சொல்வதில்லை. ஆண்டுக்கணக்கான உழைப்பு ஏற்கெனவே இருந்த இடத்தில்தான் பார்த்த காட்சி பலன் தந்திருக்க முடியும். சிறுவர்களுக்கும் தொலைக்காட்சியில் தெரியும் வீரரைவிட, தம்மைவிட ஓரிரு படி முன்னே நிற்கும் பக்கத்துப் பிள்ளையே பெரிதும் உதவுகிறார்.

பாராட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘சூப்பர்’ என்பது காற்றோடு போய்விடும். ‘இன்று மணிக்கட்டைத் தளர்த்தி அடித்தாய்’ என்பது அடுத்த நாளும் நினைவிருக்கும். ஆட்டத்துக்கு முன் நெஞ்சு படபடப்பதைப் பயத்தின் அடையாளமாக மட்டும் கொள்ளாமல், உடல் தயாராவதாக எடுத்துக்கொள்ளவும் சொல்லித்தர முடியும்.

ஆனால் ஓரிடத்தில் பெற்ற நம்பிக்கை எல்லா இடத்துக்கும் அப்படியே பரவிவிடாது. கோர்ட்டில் அஞ்சாமல் ஆடும் பிள்ளை, மேடையில் பேசச் சொன்னால் நடுங்கலாம். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அங்கே கைகொடுப்பது கற்ற முறைதான். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, பள்ளி மேடைப் பேச்சுக்கு முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் தனியே எடுத்து, நின்று, மூச்சை விட்டு, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அவை தடையின்றி வந்த பிறகே மூன்றாவதுக்குப் போனாள்.