25 யூனிட்

மீற்றர் வாசிக்கும் வேலையில் மறக்க முடியாத மாதம் எனக்கு 2023 மார்ச். யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக்குக் கிட்ட ஓர் ஒழுங்கை. அதில் தையல் வேலை செய்யும் ஓர் அக்காவின் வீடு. இரண்டு பல்ப், ஒரு ஃபான், சின்ன டீவி. தையல் மெஷின் காலால் மிதிப்பது. மீற்றர் விறாந்தைச் சுவரில் இருந்தது. குளவி கூடு கட்டிவிடும் என்று, நான் வரும் நாளில் கண்ணாடியைத் துணியால் துடைத்து வைப்பார்.

அந்த மாதம் 25 யூனிட். பில்லை வாங்கிப் பார்த்தவர், "தம்பி, பிழையாப் பாத்திட்டியளோ? இன்னொருக்காப் பாருங்கோ" என்றார். பார்த்தேன். பிழை இல்லை.

பழைய பில்களை அவர் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். குந்தில் இருந்து இருவருமாகக் கணக்குப் பார்த்தோம். 2022 ஓகஸ்ட்டுக்கு முதல், 30 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு யூனிட் 2.50 ரூபா, நிலையான கட்டணம் 30 ரூபா. 25 யூனிட்டுக்கு 92.50 வரும். ஓகஸ்ட்டில் யூனிட் 8 ரூபா, நிலையான கட்டணம் 120. அதே 25 யூனிட்டுக்கு 320. 2023 பெப்ரவரியில் 30 ரூபாவும் 400 ரூபாவும் ஆனது. வரி சேர்க்காமலே 1,150.

"அறுபத்தாறு வீதம் கூட்டினது எண்டுதானே செய்தியில சொன்னவை? இது மூண்டு மடங்குக்கும் மேல எல்லோ?"

கேள்வி சரி. 66 என்பது நாடு முழுவதற்குமான சராசரி. கீழ்ப்படியில் இருப்பவர்களின் மானியத்தை ஒரேயடியாக எடுத்தபோது, அவர்களின் உயர்வு அந்தச் சராசரியை எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விட்டது. இதை அன்று அவருக்கு ஒழுங்காக விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கட்டண அட்டவணையை வைத்துக்கொண்டு இரவு இருந்து பார்த்த பிறகுதான் எனக்கே பிடிபட்டது.

மின்சார சபைக்கு மறுசீரமைப்பு வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். தொண்ணூறுகளில் லக்சபானா கரண்ட், அதாவது மலைநாட்டு நீர்மின் நிலையங்களிலிருந்து வரும் மின்சாரம், இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கில் படித்தவன் நான். போர் முடிந்து சில வருடங்கள் கழித்து, கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு உயர் அழுத்தக் கம்பி வந்த பிறகே தேசிய மின்தொகுதியோடு மறுபடி சேர்ந்தோம். 2013க்குப் பிறகு ஒன்பது வருடம் கட்டணம் கூட்டப்படவில்லை. மலிவாக இருந்தது, உண்மை. ஆனால் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் காசை யாரோ கொடுக்கத்தானே வேண்டும்? கடனில் ஓடியது. கடைசியில் 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருட்டில் இருந்தோம்.

1969இல் தொடங்கிய மின்சார சபையில் உற்பத்தி, கடத்தல், விநியோகம் எல்லாம் ஒரே கூரைக்குள் இருந்தன. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும், அதற்கு 2025இல் வந்த திருத்தமும் அவற்றைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்கின்றன. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று. நுரைச்சோலையில் நிலக்கரி எரித்துக் கரண்ட் எடுக்க என்ன செலவு, சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து எடுக்க என்ன செலவு, வழியில் கம்பியில் எவ்வளவு போகிறது என்று தனித்தனியாகக் கணக்குக் காட்ட வேண்டி வரும். நட்டத்தை ஒன்றுக்குள் ஒன்றாக ஒளிக்க முடியாது.

அப்புறம், மின்கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் இடத்தின் சுதந்திரம். 2023 உயர்வை வெளிப்படையாக எதிர்த்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுத் தலைவர் ஜனக ரத்நாயக்க, அந்த மே மாதமே நாடாளுமன்றத் தீர்மானத்தால் பதவி நீக்கப்பட்டார். அவர் சொன்னது சரியோ பிழையோ, அடுத்து அந்தக் கதிரைக்கு வருபவர் வாய் திறக்க ஒருக்கால் யோசிப்பார் அல்லவா? கம்பனிகளை எத்தனையாகப் பிரித்தாலும் இது சரியாகாவிட்டால், விலை தீர்மானிக்கப்படும்போது அந்த அக்காவுக்காகப் பேச ஆள் இருக்காது.

விலையைக் கூட்டத்தான் வேண்டும் என்றால் படிப்படியாகக் கூட்டியிருக்கலாம். சராசரியைப் பார்க்க முதல், 25 யூனிட் பில் ஒன்றை எழுதிப் பார்த்திருக்கலாம். பழையபடி விளக்குக்குப் போகவும் வழி இருக்கவில்லை. கட்டணம் முதலில் கூடிய அதே 2022 ஓகஸ்ட்டில், லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாவாகியிருந்தது.

2023 ஜூலையில் அந்தப் படிக்குரிய விலையை 10 ரூபாவாகவும் நிலையான கட்டணத்தை 150 ரூபாவாகவும் இறக்கினார்கள். 25 யூனிட்டுக்கு 400 ரூபா. நல்ல செய்தியோடு போகிறேன் என்று மாத முடிவில் சந்தோஷமாகத்தான் அந்தப் படலையைத் திறந்தேன். மீற்றரில் 11 யூனிட்தான் ஓடியிருந்தது. என்ன அக்கா என்று கேட்டேன்.

"ராவில தைக்கிறதை அப்பவே விட்டிட்டன் தம்பி. பள்ளிக்கூடச் சட்டையள் நேரத்துக்குக் குடுக்கேலாமப் போச்சு. அந்த வேலை இப்ப வேற ஆளிட்டப் போட்டுது."

மீற்றர்க் கண்ணாடி அன்றைக்கும் துடைத்துத்தான் இருந்தது.