கவுன்ட்டியை மாவட்டம் என்று படித்த பிழை: ஏஐசிபி தேர்வில் இரண்டாம் முறை

கடந்த வாரம் ஏஐசிபி தேர்வில், அதாவது நகரத் திட்டமிடுநர்களுக்கான அமெரிக்கச் சான்றிதழ்த் தேர்வில், தேறினேன். இது இரண்டாவது முயற்சி. முதல் முறை 53 வந்தது. தேறுவதற்கு 55 வேண்டும். அந்த இரண்டு புள்ளிகள் எங்கே போயின என்று ஆறு மாதம் யோசித்திருக்கிறேன் என்பதாலும், விடை கிடைத்தபோது அது மொழிபெயர்ப்புப் பிழையாக இருந்தது என்பதாலும், இதே தேர்வுக்குத் தமிழில் யோசித்துக்கொண்டு ஆங்கிலத்தில் படிக்கும் சிலருக்காவது பயன்படும் என்று இதை எழுதுகிறேன். 170 கேள்விகள், மூன்றரை மணி நேரம் என்பவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவற்றுக்குள் போகவில்லை. தேர்வில் வந்த கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்திட்டுத்தான் உள்ளே போகிறோம். ஆகவே இங்கே வரும் கணக்குகளும் கேள்விகளும் நானே அமைத்தவை.

நான் கட்டடப் பொறியியல் படித்துவிட்டுத் திட்டமிடலுக்கு வந்தவன். அமெரிக்காவில் ஒரு கவுன்ட்டியில், அதாவது மாநிலத்தின் உட்பிரிவு ஒன்றில், வீடு, வேலை, சாலை, கழிவுநீர் ஆகியவற்றை ஒன்றாக வைத்துத் திட்டமிடும் பகுதிதான் என் பலம் என்று நம்பியிருந்தேன். முதல் முயற்சியில் அதிகம் சறுக்கியதும் அதே பகுதியில்தான். கவுன்ட்டி என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் மனத்துக்குள் மாவட்டம் என்று ஒலித்துக்கொண்டிருந்தது. மாவட்டம் என்றால் ஆட்சியர். ஆட்சியர் என்றால் எல்லைக்குள் இருக்கும் ஊர்கள் அனைத்துக்கும் மேலே ஓர் அலுவலகம். இந்தப் படத்தை வைத்துக்கொண்டு அமெரிக்கக் கவுன்ட்டியைப் படித்தால், ஒவ்வொரு கேள்வியிலும் "கவுன்ட்டி ஸோனிங்கை மாற்ற வேண்டும்" என்ற விடை நியாயமாகத் தோன்றும் (ஸோனிங் என்பது எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற விதி). பெரும்பாலான மாநிலங்களில் அது தவறு. நகரமாகப் பதிவான எல்லைக்குள் ஸோனிங் நகரத்தின் கையில் இருக்கிறது. எந்த நகரத்துக்குள்ளும் சேராமல் மிஞ்சிய நிலத்துக்குத்தான், அதுவும் மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால்தான், கவுன்ட்டி விதி எழுத முடியும்.

இப்படி ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைச் சந்திப்பு ஒன்றின் அருகே ஒரு நகரம் பெரிய கிடங்குகளை அனுமதிக்கிறது, அங்கே வேலைக்கு வருபவர்களுக்கு அந்த நகரத்தில் வீடு இல்லை, அவர்கள் நாற்பது நிமிடம் வண்டி ஓட்டி வருகிறார்கள், சாலை நெரிகிறது. கவுன்ட்டித் திட்டமிடுநர் முதலில் செய்ய வேண்டியது என்ன? என்னுள் இருந்த பொறியாளன் சாலையை அகலப்படுத்துவான். என்னுள் இருந்த மாவட்ட ஆட்சியர் கிடங்குக்கு அடுத்த நிலத்தை அடுக்குமாடி வீடுகளுக்கு ஒதுக்குவார். இவை இரண்டில் எதுவும் சரியான விடை அல்ல. அந்த நகரத்தையும் சுற்றியுள்ள நகரங்களையும் ஒரு மேசையில் உட்காரவைத்து வீட்டு இலக்குகளைப் பங்கிடும் வழி எதுவோ அதுதான் விடை. கவுன்ட்டியின் கையில் இருப்பது பெரும்பாலும் அந்த மேசை மட்டுமே.

இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போட்டேன்: யார் திட்டம் எழுதுகிறார், யார் அனுமதி தருகிறார், யார் பணம் கொடுக்கிறார், யார் ரத்து செய்ய முடியும். படித்த ஒவ்வொரு விஷயத்தையும் இந்த நான்கில் எழுதினேன். எந்தப் பத்தி காலியாக இருக்கிறதோ, அதுதான் எனக்குத் தெரியாத இடம். என் தேர்ச்சிக்கு வேறு எதையும்விட இந்த நோட்டுதான் காரணம் என்று நான் சொல்வது மிகையாகப் படலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

நோட்டிலிருந்து சில வரிகள்:

டெக்சஸ்: கவுன்ட்டிகளுக்குப் பொதுவாக ஸோனிங் அதிகாரமே கிடையாது; மனைப் பிரிவை ஒழுங்குபடுத்தலாம்.
பென்சில்வேனியா: கவுன்ட்டி விரிவான திட்டம் எழுத வேண்டும், உள்ளூர் அமைப்பு தனக்கென ஸோனிங் வைத்திருந்தால் அதன் முன் கவுன்ட்டியின் கருத்து ஆலோசனை மட்டுமே.
வர்ஜீனியா: 38 நகரங்கள் எந்தக் கவுன்ட்டிக்கும் உட்பட்டவை அல்ல.
கனெக்டிகட்: கவுன்ட்டி அரசு 1960இலேயே ஒழிந்தது; 2022 முதல் மக்கள்தொகைத் துறை அங்கே ஒன்பது திட்டமிடல் வட்டாரங்களையே கவுன்ட்டிக்கு இணையாகக் கொள்கிறது.
கலிஃபோர்னியா: வட்டாரத்துக்கு எத்தனை வீடு தேவை என்பதை மாநிலம் சொல்லும், வட்டார அரசு மன்றம் அதை நகரங்களுக்கும் கவுன்ட்டிகளுக்கும் பங்கிடும், நிலம் எங்கே என்பதை அவரவர் வீட்டுத் திட்டத்தில் காட்ட வேண்டும்.

ஐம்பது மாநிலங்களையும் இப்படி எழுத முயலாதீர்கள். ஐந்தாறு போதும். ஆனால் ஒரு மாநிலத்தை அடிமுதல் நுனிவரை படியுங்கள். நான் எடுத்துக்கொண்டது வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்ட்டி. சியாட்டிலும் அதைச் சேர்த்து 39 நகரங்களும் உள்ள கவுன்ட்டி அது. என் நோட்டின் நான்கு பத்திகளும் அங்கே நிரம்பிவிடுகின்றன.

அங்கே 1990இல் வந்த வளர்ச்சி மேலாண்மைச் சட்டம்தான் வேர். மாநில நிதி மேலாண்மை அலுவலகம் ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் மக்கள்தொகைக் கணிப்பைக் கீழெல்லை, மேலெல்லையோடு தருகிறது. அந்த எல்லைக்குள் கவுன்ட்டி தன் எண்ணைத் தேர்ந்துகொண்டு, இருபது ஆண்டு வளர்ச்சியைத் தாங்கும்படி நகர வளர்ச்சி எல்லையை வரைகிறது. எல்லைக்கு வெளியே பண்ணையும் காடும். பிறகு அந்த எண்ணை வீடு, வேலை என்று இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு நகரத்துக்கும் இலக்காகக் கொடுக்க வேண்டும். கவுன்ட்டி கட்டளையிட்டுக் கொடுப்பதில்லை. கவுன்ட்டியும் நகரங்களும் உட்காரும் குழு பேசி முடித்து, கவுன்ட்டி மன்றம் ஏற்று, கவுன்ட்டி முழுமைக்குமான கொள்கைகளாக அது மறுபடி நகரங்களிடமே ஒப்புதலுக்குப் போகிறது. மொத்த அரசுகளில் 30 சதவீதம், அவை சேர்ந்து மக்கள்தொகையில் 70 சதவீதம் என்ற அளவை எட்டினால்தான் நிறைவேறும். 90 நாட்களுக்குள் வாய் திறக்காத நகரம் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும். இந்த ஒரு விதியைப் படித்த மாலையில்தான் எனக்குள் இருந்த ஆட்சியர் அலுவலகம் இடிந்து விழுந்தது.

இதற்கு மேலே கிங், பியர்ஸ், ஸ்னோஹோமிஷ், கிட்சாப் என்ற நான்கு கவுன்ட்டிகளின் வட்டார மன்றம் இருக்கிறது. அது 2020 அக்டோபரில் ஏற்ற திட்டம், 2050க்குள் வட்டாரத்தில் 58 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கொண்டு, மக்கள் வளர்ச்சியில் 65 சதவீதமும் வேலை வளர்ச்சியில் 75 சதவீதமும் வளர்ச்சி மையங்களிலும் விரைவுப் போக்குவரத்து நிறுத்தங்களின் அருகிலும் அமைய வேண்டும் என்கிறது. இரண்டு சதவீதங்களும் ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்; வேலையை ரயிலருகே குவிப்பது வீட்டைக் குவிப்பதைவிட எளிது என்பது அதற்குள் இருக்கிறது.

வளர்ச்சி மேலாண்மைச் சட்டத்துக்கு 2021இல் வந்த திருத்தம் இலக்கின் பொருளையே மாற்றியது. அதுவரை "இத்தனை வீடு" என்றால் போதும். இப்போது வட்டார இடைநிலை வருமானத்தில் 30 சதவீதம் வரை ஈட்டுபவருக்கு எத்தனை, 30 முதல் 50 வரை எத்தனை, 50 முதல் 80 வரை எத்தனை என்று அடுக்கடுக்காகக் காட்ட வேண்டும். அவசரத் தங்குமிடமும் கணக்கில் வரும். கிங் கவுன்ட்டிக்கு 2044க்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் தேவை என்ற எண் இப்படித்தான் அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டு நகரங்களுக்குப் போனது.

அடுத்தது உள்கட்டமைப்பு. அங்கே சாலையின் சேவைத் தரம் நிர்ணயித்த அளவுக்குக் கீழே இறங்கும் என்றால், ஆறு ஆண்டுகளுக்குள் சரிசெய்யும் நிதி உறுதி இல்லாதவரை புதிய கட்டுமானத்தை அனுமதிக்கக் கூடாது. இந்த ஆறையும் மற்ற ஆண்டுக் கணக்குகளையும் நான் முதல் முறை குழப்பிக்கொண்டேன். ஒரே மூச்சில் மனப்பாடம் செய்துவிடுங்கள்: பெருநகரப் போக்குவரத்துத் திட்டம் குறைந்தது 20 ஆண்டு, போக்குவரத்து மேம்பாட்டுப் பட்டியல் 4 ஆண்டு, எம்பிஓ எனும் பெருநகரப் போக்குவரத்துத் திட்டமிடல் அமைப்பு தேவைப்படுவது 50,000 பேருக்கு மேற்பட்ட நகர்ப்பகுதிக்கு, 2,00,000 தாண்டினால் கூடுதல் பொறுப்புகள். எம்பிஓவுக்கு நிலத்தின் மேல் அதிகாரம் இல்லை. அதன் கையில் இருப்பது மத்திய அரசின் போக்குவரத்துப் பணத்தைப் பட்டியலில் ஏற்றும் பேனா.

கணக்குக்கு வருகிறேன். பொறியாளன் என்ற திமிரில் இதை நான் படிக்கவே இல்லை. அதற்கான தண்டனையும் கிடைத்தது.

ஒரு கவுன்ட்டியில் மக்கள்தொகை 30,600 கூடுகிறது. அவர்களில் 600 பேர் விடுதி, முதியோர் இல்லம், சிறை போன்றவற்றில் வாழ்வார்கள். சராசரிக் குடும்பம் 2.5 பேர். காலி வீட்டு விகிதம் 5 சதவீதம். எத்தனை வீடு வேண்டும்? 600ஐக் கழித்தால் 30,000, 2.5ஆல் வகுத்தால் 12,000 குடும்பங்கள். இதுவரை யாரும் தவற மாட்டார்கள். அடுத்த படியில் 5 சதவீதம் கூட்டி 12,600 என்று எழுதுவோம். தவறு. காலி விகிதம் என்பது மொத்த வீடுகளில் 5 சதவீதம், குடும்பங்களில் அல்ல. எனவே 12,000ஐ 0.95ஆல் வகுக்க வேண்டும்: 12,632. இடைவெளி 32 வீடுதான். ஆனால் இப்படிப்பட்ட கேள்வியில் 12,600 நிச்சயம் ஒரு தெரிவாக உட்கார்ந்திருக்கும்; 600ஐக் கழிக்க மறந்தவருக்காக 12,884உம் காத்திருக்கும். உங்கள் விடை தெரிவுகளில் இருப்பதாலேயே அது சரி என்று நினைக்காதீர்கள்.

வேலைக் கணக்கும் இதே குணம் கொண்டது. கவுன்ட்டியில் மொத்தம் 50,000 வேலை, உற்பத்தித் துறையில் 6,000, அதாவது 12 சதவீதம். நாட்டில் அந்தத் துறையின் பங்கு 8 சதவீதம் என்றால் லொக்கேஷன் கோஷன்ட், அதாவது உள்ளூர்ப் பங்கை நாட்டுப் பங்கால் வகுத்தது, 1.5. நாட்டுப் பங்குப்படி 4,000 இருந்திருக்க வேண்டும். மிகுதி 2,000 வெளியூர்ச் சந்தைக்காக இயங்கும் அடிப்படை வேலை. எல்லாத் துறைகளையும் சேர்த்து அடிப்படை வேலை 10,000 என்றால், மொத்த வேலையை அதால் வகுத்துக் கிடைக்கும் பெருக்கி 5. புதிதாக 400 அடிப்படை வேலை வந்தால் மொத்தம் 2,000 கூடும், அந்த 400உம் இதற்குள் அடக்கம். நான் 2,400 என்று எழுதிப் பழகியிருந்தேன்.

தரவு பற்றி ஒரே வரி: அமெரிக்கச் சமூக ஆய்வின் ஓராண்டு மதிப்பீடு 65,000 பேருக்கு மேற்பட்ட இடங்களுக்குத்தான் வரும், சின்ன கவுன்ட்டி என்றால் ஐந்தாண்டு மதிப்பீட்டுக்குப் போங்கள்.

வழக்குகளை ஆண்டு வரிசையில் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. வீடு, உள்கட்டமைப்பு, பணம் என்று பிரித்துக்கொண்டேன். வீட்டுக்கு மவுன்ட் லாரல்: நியூ ஜெர்சியின் பர்லிங்டன் கவுன்ட்டியில் உள்ள ஊர், 1975இல் ஒவ்வொரு ஊரும் வட்டாரத் தேவையில் தன் பங்கை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பு, யாரும் அசையாததால் 1983இல் அதே நீதிமன்றம் வழக்குப் போட்டு வெல்லும் கட்டுநருக்கே கட்டும் உரிமையை நிவாரணமாகக் கொடுத்தது. உள்கட்டமைப்புக்கு ராமாப்போ, 1972: கழிவுநீர், வடிகால், பூங்கா, சாலை, தீயணைப்பு நிலையம் ஆகியவை எவ்வளவு அருகில் உள்ளன என்று புள்ளி போட்டு, 18 ஆண்டு மூலதனத் திட்டத்தோடு கட்டி, வளர்ச்சியை வரிசையில் நிறுத்தியதை நியூயார்க் நீதிமன்றம் ஏற்றது. கலிஃபோர்னிய நகரமான பெட்டலூமாவின் வழக்கை அதன் பக்கத்திலேயே வையுங்கள். ஆண்டுக்கு 500 வீடு என்ற வரம்பு.

பணத்துக்கு ஷீட்ஸ் வழக்கைத் தவறவிடாதீர்கள். கலிஃபோர்னியாவின் எல் டொராடோ கவுன்ட்டியில் சொந்த நிலத்தில் ஒரு தயார்நிலை வீட்டை வைக்க அனுமதி கேட்டவரிடம் 23,420 டாலர் போக்குவரத்துக் கட்டணம் வாங்கினார்கள். மன்றம் சட்டமாக இயற்றிய கட்டணம் என்பதற்காக மட்டும், கட்டணத்துக்கும் கட்டுமானத்தின் விளைவுக்கும் தொடர்பும் அளவுப் பொருத்தமும் உண்டா என்று பார்க்கும் நோலன், டோலன் வழக்குகளின் சோதனையிலிருந்து விலக்கு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஒருமனதாகச் சொன்னது. பழைய குறிப்புகளில் இது இருக்காது. என் முதல் முயற்சிக்கு நான் கடன் வாங்கிய குறிப்புகள் 2016இல் தயாரானவை. கொடுத்தவர்மேல் குற்றமில்லை, தேதியைப் பார்க்காதது நான்.

மற்றவை, வேகமாக:

நெறிமுறைக் கோவை 2022இல் மாறியது. புதியதை மட்டும் படியுங்கள். விரும்பத்தக்கவை எவை, தண்டனைக்குரிய விதிகள் எவை என்று பிரித்தறிந்தால் போதும்.
குழுப் படிப்பு எனக்குப் பயன்படவில்லை. நாலு பேர் கூடினால் மூன்று பேர் தங்கள் அலுவலகக் கதையைச் சொல்கிறார்கள். நானும் சொன்னேன்.
மாதிரித் தேர்வு ஆறு எழுதினேன், மூன்றோடு நிறுத்தியிருக்கலாம்.
வேலை அனுபவத்தை வைத்து விடையளிக்காதீர்கள். உங்கள் அலுவலகம் செய்வது சட்டப்படி சரியாகவே இருந்தாலும், தேர்வு கேட்பது அதை அல்ல.

தேர்வன்று கடைசி நாற்பது நிமிடம் மீதியிருந்தது. குறி வைத்திருந்த 26 கேள்விகளுக்குத் திரும்பினேன். ஒவ்வொன்றிலும் வினைச்சொல்லைப் பார்ப்பதற்கு முன் எழுவாயைப் பார்த்தேன்: நகரமா, கவுன்ட்டியா, கழிவுநீர் வாரியமா, எம்பிஓவா, மாநிலமா. ஏழு விடைகளை மாற்றினேன். அவற்றில் நான்கில் நான் முன்பு தேர்ந்திருந்தது நல்ல யோசனைதான், ஆனால் கேள்வியில் இருந்தவருக்கு அதைச் செய்ய அதிகாரம் இல்லை.

இனி அனுபவக் கட்டுரைகள் எழுத வேண்டும். நான் தேர்ந்திருப்பது ஒரு சிறு நகரத்துக்கும் அதன் கழிவுநீர் வாரியத்துக்கும் இடையே பதினோரு மாதம் கடிதம் சுமந்த வேலையை. முன்பெல்லாம் அதை வேலை என்றே நான் கணக்கில் வைத்ததில்லை.