நிறம் போனாலும் சுழி போகாது

அனுப்பிய கோப்பு இரண்டாவது தடவையும் திரும்பி வந்தது. மேலே ஒரு துண்டுச் சீட்டு: "பதிவுச் சான்றிதழில் உள்ள குதிரையும் படத்தில் உள்ள குதிரையும் ஒன்றல்ல." எங்கள் குதிரை இனச் சங்கத்தில் சாதித்தவர்களைக் கௌரவிக்கும் புகழ்க்கூடத்துக்கு ஒரு பெண் குதிரையையும், அவளைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட லாயக்காரரையும் முன்மொழிந்திருந்தேன். நான் முதன்முதலில் ஏறிப் பழகியது அவள் ஈன்ற குட்டியின் மேல்தான். அந்தச் சீட்டைப் படித்ததும் வயிறு எரிந்தது.

படிவம், கட்டணம், வழிமொழிபவர்களின் கையெழுத்து எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்திருந்தன. சிக்கல் நிறத்தில்தான். சான்றிதழில் அவள் பழுப்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. என் படங்களில் தலை முதல் வால் வரை வெள்ளை. சாம்பல் நிறக் குதிரைகள் கருப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, வயது ஏற ஏற வெளுத்துக்கொண்டே போகும். பொட்டும் அந்த வெள்ளையில் கரைந்துவிடும். குட்டியிலேயே பதிந்த நிறத்தை அப்புறம் யாரும் திருத்தவில்லை. உங்கள் குதிரை வெளுக்க ஆரம்பித்தால் அப்போதே பதிவைத் திருத்திவிடுங்கள்.

நேரில் சொன்னால் புரியும் என்று ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிப் போனேன். மேசையில் இருந்தவர் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "நிறம் மாறினதும் எழுதிக் கொடுத்திருக்கணும்" என்றார். மரபணுச் சோதனைக்குப் பிடரி மயிர் கேட்டார். அவள் இறந்து பல வருஷமாகிறது என்றேன். "அப்போ எங்களால ஒண்ணும் பண்ண முடியாது." திரும்ப ஐந்து மணி நேரம்.

அன்று இரவு லாயக்காரருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பெரியவர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "தம்பி, நிறம் போகும், சுழி எங்கே போகும்?"

சான்றிதழில் உள்ள கோட்டுப் படத்தை அப்புறம்தான் சரியாகப் பார்த்தேன். நெற்றியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பெருக்கல் குறிகள், கழுத்தில் ஒன்று. மூன்றும் சுழிகள். அவரிடம் அவளைக் குளிப்பாட்டும்போது எடுத்த பழைய படம் ஒன்று இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஈர ரோமத்தில் இரண்டு நெற்றிச் சுழிகளும் அதே இடத்தில். இன்னொன்றும் தெரிந்தது. சாம்பல் குதிரைக்குத் தோல் கருப்பு; பொட்டு இருந்த இடத்தில் மட்டும் இளஞ்சிவப்பு. நனைந்தால் அது வெளியே தெரியும். கோட்டுப் படத்தையும் அந்தப் படத்தையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, கால்நடை மருத்துவரின் கடிதத்தோடு அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் ஏற்றுக்கொண்டதாகத் தகவல் வந்தது. அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்து தேர்வுக் குழு. குட்டிகளின் எண்ணிக்கைக்குத்தான் அதிக மதிப்பெண் என்றார்கள். வண்டிப் பந்தயத்தில் ஓடும் ஸ்டாண்டர்ட்பிரெட் என்ற அமெரிக்கக் குதிரை இனத்தின் மூலவரான ஹாம்பிள்டோனியன் 1,331 குட்டிகளுக்குத் தகப்பன். பெண் குதிரை வயிற்றில் சுமப்பதே பதினொரு மாதம், வருஷத்துக்கு ஒன்றுதான். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமே இல்லை. குட்டியே போட வழியில்லாத காயடித்த குதிரை கெல்சோ, 1960 முதல் 1964 வரை ஐந்து வருஷமும் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரை. 1967-இல் அங்கே பந்தயப் புகழ்க்கூடத்தில் சேர்த்தார்கள். இதையெல்லாம் எழுதி, எண்ணிக்கையை விட்டு, அவளுடைய ஒன்பது குட்டிகளில் ஒவ்வொன்றும் என்ன சாதித்தது என்று பட்டியல் கொடுத்தேன். அது எடுபட்டது.

பெரியவர் விஷயத்தில்தான் இன்னும் மனசு ஆறவில்லை. உரிமையாளர் பெயருக்கு நூறு காகிதம் உண்டு. லாயக்காரர் பெயருக்கு ஒன்றும் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு நோட்டு. "நீர் உடைந்தது 2.10. குட்டி விழுந்தது 2.28. எழுந்து நின்றது 3.05." இப்படி ஒன்பது இரவுகள், அவர் கையெழுத்திலேயே. இதைவிட என்ன சான்று வேண்டும்? குழு மூன்று கடிதங்கள் கேட்டது; கெடு முடிவதற்குள் இரண்டுதான் கிடைத்தன.

குதிரைக்கு இடம் கிடைத்துவிட்டது. அவருடைய கோப்பை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டார்கள். மூன்றாவது கடிதம் நேற்று கைக்கு வந்தது. நோட்டின் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் எடுத்து வைத்துவிட்டேன். இந்தத் தடவை கொடுத்த கையோடு தேதி போட்ட ரசீது வாங்காமல் அந்த மேசையை விட்டு நகரமாட்டேன்.