திருச்சி டிக்கெட்
டிசம்பர்ல சிங்கப்பூர் ஸ்கூல் லீவு விட்டாலே திருச்சி ஃப்ளைட் டிக்கெட் விலை எகிறிடும். காலையில பார்த்த விலை சாயங்காலம் இருக்காது. நாம அடிக்கடி தேடுறதைப் பார்த்துத்தான் ஏத்துறான்னு சொல்வாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஒரே எகானமிக்குள்ளயே பல விலைப்படி இருக்கு. மலிவான படி வித்துத் தீர்ந்தா அடுத்த படி, அவ்வளவுதான். நாலு பேருக்குச் சேர்த்துத் தேடிட்டு, ஒருத்தருக்கு மட்டும் தேடிப் பாருங்க. மலிவு சீட் ரெண்டுதான் மிச்சம்னா, பெரும்பாலும் நாலு பேருக்குமே கூடுதல் விலையைக் காட்டும். ரெண்டு ரெண்டா போட்டா காசு மிச்சம்.

ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்னு நேரா போறதுக்கே ஆள் இருக்கு. முதல்ல காட்டுற விலையில பெட்டியும் சேர்த்தியான்னு மட்டும் பார்த்துக்குங்க. கொழும்புல மாறிப் போறது எவ்வளவு மலிவா இருந்தாலும், அம்மா கூட வந்தா யோசிக்கவே மாட்டேன். ஊறுகாய், முறுக்கு, இட்லிப் பொடின்னு அவங்க கட்டுற மூட்டைக்கே 30 கிலோ வேணும்!