ஐந்தரைக்குப் பிறகு டச்பேயில்

பெப்ரவரி 27, 2025, வியாழன்

நேற்றுச் சிவராத்திரி. எங்கள் அலுவலகப் பெண்களில் பாதிப்பேர் இங்கே திருகோணமலையில் உள்ள கோணேசர் கோவிலுக்குப் போயிருந்தார்கள். கோட்டை வாசலிலிருந்து சுவாமி மலை வரை ஏற்றம். ஒருவரும் முடியாது என்று திரும்பவில்லை. இன்று காலையில் பார்த்தால், கதிரையை விட்டு எழும்பும்போது மேசை விளிம்பைப் பிடிக்காதவர் குறைவு. எல்லோரும் நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள். இந்த வயதில் இப்படித்தான் இருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

"நாலரைக்கு எழும்பிப் புட்டவித்து, மூன்று பேருக்குச் சாப்பாடு கட்டி, பஸ் பிடித்து வருகிறோம். இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி?" என்று கணக்குக் கிளை அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எட்டரை முதல் நாலேகால் வரை நாம் எல்லோரும் இருப்பது கதிரையில். வீட்டிலோ நிற்கிறோம், குனிகிறோம், களைக்கிறோம். மூச்சு வேகமாகும் அளவுக்கு உடல் இயங்குவது அபூர்வம். வேலை செய்து களைப்பதும் உடல் பலப்படுவதும் ஒன்றல்ல. இதை யாரும் எங்களுக்குப் பொறுமையாக விளக்கியதில்லை. சோம்பல் என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

கணக்குக் கிளை அக்காவுக்குச் சீனி கூடிவிட்டது. கிளினிக்கில் இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கொடுத்து, "நடவுங்கள்" என்று ஒரே சொல்லில் அனுப்பிவிட்டார்களாம். எங்கே, எப்போது, எவ்வளவு வேகமாக என்று ஒன்றுமில்லை.

அதனால் நானே உட்கார்ந்து படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். மிதமானது என்றால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. முன்பு தொடர்ந்து பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்று சொல்லிவந்தார்கள். 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பஸ்ஸை ஒரு தரிப்பிடம் முன்னதாக விட்டு இறங்கி விரைவாக நடந்தாலும் கணக்கில் சேரும்.

அக்காவுக்கு நான் முக்கியமாகச் சொன்னது இதைத்தான்: தசை இயங்கும்போது, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலிலும் அது இரத்தத்திலிருந்து சீனியை எடுத்துக்கொள்ளும். மத்தியானம் சோறு சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாயாமல் கொஞ்ச நேரம் நடந்தால், சாப்பாட்டுக்குப் பின் சீனி அவ்வளவு ஏறாது. மருந்தைத் தொடங்கியவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு செய்யட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று மகளிர் தினம். அலுவலகத்தில் வெள்ளிக்கிழமையே கொண்டாடினார்கள். ஒரே நிறத்தில் சேலை, கேக், நீண்ட பேச்சுகள். இரண்டு மணி நேரம் எங்களை இருத்தி வைத்துப் பெண்ணின் பெருமையைச் சொன்னார்கள். வருடம் முழுவதும் கிழமைக்கு அரை மணி நேரம் முன்னதாக விட்டிருந்தால் அது உண்மையான பரிசாக இருந்திருக்கும்.

இன்று மத்தியானச் சாப்பாட்டின்போது வீட்டில் கதையை எடுத்தேன். வாரத்தில் ஐந்து நாள், ஐந்தரை முதல் ஆறேகால் வரை நான் வீட்டில் இருக்கமாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. "உமக்குக் களைப்பாக இருக்காதா?" என்று இவர் கேட்டார். களைப்பாக இருப்பதால்தான் போகிறேன் என்றேன். தேநீர் தன் பொறுப்பு என்றார். விளக்கேற்றுவதை மகள் எடுத்துக்கொண்டாள். சோறு போடுவது மகனுக்கு வந்தது. அவனுக்குத் தண்ணீர் அளவு தெரியாது. மாமி அவனை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய், களைந்த அரிசியின் மேல் விரலைச் செங்குத்தாக வைக்கச் சொல்லி, முதல் கணு வரை தண்ணீர் விடவைத்தார். பிறகு என்னிடம் வந்து, "முழங்கால் போன பிறகுதான் பிள்ளை எனக்கு நேரம் கிடைத்தது. நீ இப்பவே போ" என்றார்.

வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பெண்ணிடம் நடவுங்கள் என்று சொல்லும்போது, அவளோடு வந்த கணவனையும் பிள்ளையையும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லுங்கள். அந்த நேரம் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

மார்ச் 12, புதன்

டச்பே கடற்கரைக்கு நான்கு பேர் போனோம். உடுப்புதான் பெரிய பிரச்சினை. சேலையோடு விரைந்து நடக்க முடியாது: கொசுவம் காலில் தட்டும், அடி சின்னதாகிவிடும். ஆகவே அலுவலகக் கழிவறையில் சல்வார் மாற்றிக்கொண்டோம். சப்பாத்து ஒருவரிடம்தான் இருந்தது. மற்றவர்கள் பின்வார் உள்ள செருப்பு. ஈர மணலில் நடந்தால் கெண்டைக்காலுக்கு நல்ல வேலை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வீதியோரத் தளம்தான் நல்லது.

இரண்டு பையன்கள் மோட்டார் சைக்கிளில் மெதுவாக வந்து ஏதோ சொன்னார்கள். நான்கு பேரும் நின்று திரும்பிப் பார்த்தோம். போய்விட்டார்கள். தனியாக வந்திருந்தால் அடுத்த நாள் யாரும் வந்திருக்கமாட்டார்கள். கூட்டாக நடக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகவும்தான்.

மார்ச் 28, வெள்ளி

எங்களில் ஒருவர் வேகமாக நடக்கவே மாட்டார். காலில் வலியா என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். இன்று, மற்றவர்கள் முன்னே போனதும், மெல்லச் சொன்னார்: வேகமாக நடந்தால், இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு இப்படியாம். அந்தப் பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறது. இத்தனை காலம் யாரிடமும் சொல்லவில்லை.

எத்தனையோ பெண்கள் உடலை அசைக்கப் பயப்படுவதற்கு இதுவும் காரணம். பிரசவத்தாலும் மாதவிடாய் நின்ற பிறகும் அடியிடுப்புத் தசைகள் தளர்கின்றன. அவற்றைப் பலப்படுத்தப் பயிற்சி இருக்கிறது: சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசைகளை இறுக்கி, சில விநாடி வைத்திருந்து, விட வேண்டும். வயிற்றையோ தொடையையோ இறுக்கக்கூடாது, மூச்சைப் பிடிக்கக்கூடாது. கோப்பு எழுதிக்கொண்டே செய்யலாம், ஒருவருக்கும் தெரியாது. பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் போக வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திங்கட்கிழமை அவரோடு நானும் கிளினிக்குக்குப் போகிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

புதுவருட விடுமுறை, விருந்தாளிகள், பலகாரம். நடை நின்றுபோய் இன்றுதான் மீண்டும் தொடங்கினோம். அவ்வளவுதான்.

மே 20, செவ்வாய்

தங்கச்சி ஒருத்தி கைபேசியைக் காட்டி, பத்தாயிரம் அடி வரவில்லை என்று வருத்தப்பட்டாள். அந்த எண் வைத்தியர்கள் கண்டுபிடித்ததல்ல. 1960களில் ஜப்பானில் விற்ற அடிமானி ஒன்றிலிருந்து பரவியது. அமெரிக்காவில் மூத்த பெண்களை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே, 2,700 அடி அளவில் நடந்தவர்களைவிட இறப்பு குறைவாக இருந்தது. சுமார் 7,500க்கு மேல் வித்தியாசம் பெரிதாகக் கூடவில்லை. சராசரி வயது 72. அவளுக்கு நாற்பத்திரண்டு, எண்ணை நினைத்து நடையை விட்டுவிடாதே என்றேன்.

நடை மட்டும் போதாது என்பதை இந்த மாதம் வற்புறுத்திச் சொல்லி வருகிறேன். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாகத் தேய்கிறது, தசையும் குறைகிறது. பாரத்துக்கு எதிராக வேலை செய்தால்தான் இரண்டும் நிலைக்கும். எங்கள் அறையில் இப்போது தேநீர் நேரத்தில் கையை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு கதிரையிலிருந்து எழும்புகிறோம், திரும்ப உட்காருகிறோம். ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தோள் வரை தூக்குகிறோம். சுவரில் கையை ஊன்றித் தள்ளுகிறோம். கணக்குக் கிளை அக்கா மேசையைப் பிடிக்காமல் எழும்பியபோது அறை முழுவதும் கை தட்டியது.

ஜூன் 17, செவ்வாய்

கச்சான், அதுதான் தென்மேற்கிலிருந்து வரும் சூட்டுக் காற்று, அடிக்கிறது. ஐந்தரைக்கும் வீதி கொதிக்கிறது. தண்ணீர் எடுக்காமல் யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கிண்ணியாவிலிருந்து வரும் தோழிக்கு மாலையில் எங்களோடு நிற்க முடியாது. நின்றால் பஸ் போய்விடும், மாலைத் தொழுகையான மகரிபுக்கு முன் வீடு போக வேண்டும். அவர் தன் ஒழுங்கையில் நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு அதிகாலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நடக்கிறார். "அக்கா, அபாயாவோடு வேகமாக நடக்கலாம், சேலைதான் கஷ்டம்" என்றார். சரிதான்.

ஒக்டோபரில் மாரி தொடங்கினால் கடற்கரை நடை நின்றுவிடும். மேல்மாடிக் கூட்ட மண்டபம் நாலேகாலுக்குப் பிறகு சும்மா பூட்டிக் கிடக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அதைத் திறந்துவிடும்படி எல்லோரும் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் இல்லை. வியாழக்கிழமை பெரியவர் அலுவலகத்தில் இருப்பாராம். கணக்குக் கிளை அக்காவும் நானும் நேரில் போய்க் கேட்கப் போகிறோம். அக்காவின் சீனித் துண்டுகள் இரண்டையும், மார்ச் மாதத்ததையும் இந்த மாதத்ததையும், கையில் எடுத்துக்கொண்டு.