கொழிஞ்சாம்பாறை வெயிலுக்கு எள் சேர்த்த குளிர் நூடுல்ஸ்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நண்பகலில் அடுப்படியில் நிற்பது பெரும்பாடு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும் அப்போது அனலாகத்தான் வீசும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் மதியத்திற்கு அடிக்கடி செய்வது, எள்ளை வறுத்தரைத்த குழம்பில் புரட்டிய சீனக் குளிர் நூடுல்ஸ். அடுப்பு வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்ளலாம் என்பது ஒரு வசதிதான். ஆனால் எள்ளின் மணத்தை இத்தனை முழுமையாக முன்னிறுத்தும் உணவு வேறில்லை என்பதே நான் இதை விரும்புவதற்குக் காரணம்.

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் இது கோடைக்காலத் தெருக்கடை உணவு. வெந்த நூடுல்ஸில் எண்ணெய் தடவி, விசிறி ஆறவைத்து, எள்ளு விழுது, சோயா சாஸ், வினிகர், சர்க்கரை, பூண்டு, மிளகாய் எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து தருவார்கள். தைவானிலும் இதற்குப் பெரும் வரவேற்பு உண்டு. 1970-களில் நியூயார்க்கின் சைனாடவுனில், ஹ்வா யுவான் என்ற உணவகத்தை நடத்திய ஷார்ட்டி டாங் என்ற சமையற்கலைஞரின் கைவண்ணத்தால் இது அந்த நகரத்திலும் புகழ்பெற்றது. அமெரிக்காவில் பரவிய செய்முறைகளில் வேர்க்கடலை வெண்ணெயும் சற்றுத் தூக்கலான இனிப்பும் சேர்ந்துகொண்டன. நான் சிச்சுவான் பக்கமே சாய்கிறேன்; கடலையை மேலே தூவுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த உணவின் சுவையில் பெரும்பகுதி எள்ளை வறுக்கும் விதத்தில்தான் அமைகிறது. கோயம்புத்தூர்க் கடைகளில் புட்டியில் கிடைக்கும் தஹினி, தோல் நீக்கிய எள்ளை வறுக்காமலோ மிக இளவறுவலாகவோ அரைத்துச் செய்வது. அதில் வழவழப்பு இருக்கும், இந்த உணவுக்கு வேண்டிய மணம் இருக்காது. சீன விழுதுக்கு எள்ளை நன்றாக வறுத்த பிறகே அரைப்பார்கள். அதன் பழுப்பு நிறத்திலேயே வேறுபாடு தெரிந்துவிடும். ஆகவே வீட்டிலேயே அரைப்பது நல்லது. இருவருக்கு 100 கிராம் வெள்ளை எள் போதும். அதைக் கழுவி, மணல் போக அரித்து, துணியில் பரப்பி உலர்த்திய பின், அடி கனமான வாணலியில் சிறுதீயில் கைவிடாமல் கிளற வேண்டும். எள்ளுருண்டைக்கு வறுக்கும்போது எங்கள் அம்மாயி கண்ணைவிடக் காதைத்தான் நம்புவார். படபடவென்று வெடிக்கும் ஓசை அடங்கத் தொடங்கும் தருணமே அவருக்குப் பக்குவம். நூடுல்ஸுக்கு அதற்கு மேலும் ஓரிரு நிமிடம் வறுத்து, எள் கோதுமை மணியின் நிறத்திற்கு வந்ததும் உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டில் எள் மேலும் கருகிக் கசந்துவிடும். கறுப்பு எள்ளை முழுவதுமாகப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை; அதன் தோலின் கசப்பு மற்ற சுவைகளை அமுக்கிவிடுகிறது.

வறுத்த எள்ளை இளஞ்சூட்டிலேயே மிக்ஸியின் சிறு ஜாரில் போட்டு, இடையிடையே நிறுத்தி, ஓரங்களை வழித்துவிட்டு அரைத்தால் முதலில் பொடியாகி, பிறகு எண்ணெய் விட்டு இளகும். அரைபட மறுத்தால் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் சேர்க்கலாம். ஆனால் மணத்திற்காகக் கடைசியில் ஊற்றும் எண்ணெய்க்கு நல்லெண்ணெய் ஈடாகாது. நம் செக்கில் எள்ளை வறுக்காமல் கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறோம். சீனர்கள் வறுத்த எள்ளைப் பிழிந்து எடுக்கும் செம்பழுப்பு எண்ணெயைச் சில துளிகள் மட்டும் மணத்திற்காக விடுகிறார்கள். அது கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம்; எள்ளை நன்கு வறுத்திருந்தால் பெரிய குறை தோன்றாது.

குழம்பைக் கூட்டுவதில் பொறுமை வேண்டும். ஐந்து மேசைக்கரண்டி விழுதில் வெதுவெதுப்பான நீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கலக்கும்போது, இளகுவதற்கு மாறாக விழுது முதலில் இறுகித் திரளும். எண்ணெயில் மிதந்துகொண்டிருந்த நுண்ணிய எள் துகள்கள் அந்தச் சிறிதளவு நீரை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே அதற்குக் காரணம். தொடர்ந்து நீரைச் சேர்த்துக் கலக்கினால், ஒரு கட்டத்தில் எண்ணெய் சிறு துளிகளாக நீரில் பரவி, வெளிர்நிறக் குழம்பாக நெகிழும். அதன் பிறகு இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி வினிகர், இரண்டு தேக்கரண்டி வெல்லப்பொடி, நசுக்கிய பூண்டு, துருவிய இஞ்சி, விருப்பத்திற்கேற்ப மிளகாய் எண்ணெய் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். கரண்டியிலிருந்து நாடாவாக வழியும் பதமே சரி.

வினிகரைப் பற்றி ஒரு சொல். சீனாவில் அரிசியைப் புளிக்கவைத்து எடுக்கும் கருநிற வினிகரை ஊற்றுகிறார்கள். பாலக்காடு மாவட்டத்திலுள்ள எங்கள் சித்தூர் வட்டம் கள்ளுக்குப் பெயர்போனது. கள்ளைப் புளிக்கவைத்த வினிகரில் உள்ள மென்மை, கடையில் விற்கும் செயற்கை வெள்ளை வினிகரில் இல்லை. வெள்ளை வினிகர்தான் கையில் இருக்கிறதென்றால் அளவைப் பாதியாக்க வேண்டும். வெல்லத்திற்கும் பூண்டிற்கும் இடுக்கி மலைகளையே நாடுகிறேன்: 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லமும், 2022-இல் அதைப் பெற்ற காந்தளூர் வட்டவடைப் பூண்டும் இந்தக் குழம்பில் நன்றாகவே பொருந்துகின்றன. நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகுக்கு மட்டும் நம் கருமிளகை மாற்றாகப் போடக் கூடாது, அதன் காரம் வேறு வகை.

நூடுல்ஸ் 200 கிராம், நடுத்தரப் பருமனுள்ள கோதுமை நூடுல்ஸாகவோ முட்டை சேர்த்ததாகவோ இருக்கட்டும். உடனடி நூடுல்ஸ் இதற்கு ஆகாது. ஆறும்போது மாவுச்சத்து இறுகும் என்பதால், சூடாக உண்பதற்கு வேகவைப்பதைக் காட்டிலும் சற்றுக் கூடுதலாக வேகவைக்க வேண்டும். சிச்சுவானில் அலசாமல் விசிறி ஆற்றினாலும், எங்கள் ஊர் வெயிலில் குளிர்நீரில் அலசுவதையே நான் தேர்ந்தெடுக்கிறேன். வெந்த மாவுப்பொருள் வெப்பத்தில் நெடுநேரம் இருந்தால், கொதிநீரிலும் சாகாத பேசில்லஸ் செரியஸ் நுண்ணுயிரியின் வித்துகள் முளைத்துப் பெருகும். விரைந்து குளிர்வித்தால் அந்த அபாயம் குறையும். மொட்டைமாடித் தொட்டியில் வெந்நீராகக் கிடக்கும் நீர் பயன்படாது. பனிக்கட்டி போட்ட நீர் வேண்டும். நீரைச் சொட்டச் சொட்ட வடித்து, சிறிது எண்ணெய் புரட்டிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம்.

பரிமாறும்போதுதான் குழம்பைக் கலக்க வேண்டும். மேலே மெல்லிதாக நறுக்கிய வெள்ளரிக்காயும் வெந்நீரில் முக்கியெடுத்த முளைப்பயறும் உடைத்த வறுத்த வேர்க்கடலையும் போதும். அசைவம் உண்போர் வேகவைத்துப் பிய்த்த கோழியையும் சேர்க்கலாம். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டலாமே என்று உறவினர் சிலர் கேட்பதுண்டு. நான் மறுத்துவிடுகிறேன், கறிவேப்பிலை மணம் வந்தால் எள் பின்னுக்குப் போய்விடும்.

விழுதை மட்டும் கூடுதலாக அரைத்து, நீர் படாமல் மூடிவைத்தால், குளிர்பெட்டியில் சில வாரங்கள் கெடாமல் இருக்கும். வீட்டில் சந்தகை (இடியாப்பம் போன்றது) பிழியும் காலையில் அதில் ஒரு கரண்டியை எடுத்து, உப்பும் வெல்லமும் வெதுவெதுப்பான நீரும் சேர்த்து நெகிழ்த்தி ஊற்றிக்கொள்கிறோம். குழந்தைகள் தேங்காய்ப்பாலைவிட இதைத்தான் கேட்கிறார்கள்.