எந்த வழியாக வந்தது?

குமுளியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவனுக்கு ஏலக்காய் வியாபாரிகளை விட்டால் பிழைப்பு இல்லை. அவர்களுக்கு வீடு கம்பத்திலோ கூடலூரிலோ இருக்கும், கடை கேரள எல்லைக்கு அந்தப் பக்கம். புற்றடியிலும் போடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலம் வந்த பிறகு கணினியைத் தொடாமல் இந்தத் தொழிலில் நிற்க முடியாது. வடநாட்டு ஆர்டர், பில், பணம் போட்ட ரசீது எல்லாம் மெயிலில்தான் வருகின்றன. நல்ல ஃபைல் போல நடித்து உள்ளே புகும் ட்ரோஜன் என்ற திருட்டு நிரலும் அதே மெயிலில்தான் வருகிறது.

"தம்பி, ஏதோ வைரஸ் புகுந்துருச்சு. எடுத்து விட்டுருங்க, மதியத்துக்குள்ள பில் போடணும்" என்பார்கள். எடுத்துவிடலாம். ஆனால் எடுப்பது இந்த வேலையில் பாதிகூட இல்லை. எந்த வழியாக வந்தது என்று பார்த்து அதை அடைக்காமல் கொடுத்தால், அதே பெட்டி அடுத்த மாதமும் என் மேசைக்கு வரும்.

ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆர்டர் என்ற பெயரில் ஒரு வேர்டு ஃபைல் வந்திருக்கிறது. திறந்தால் வெற்றுப் பக்கம். கடைப்பையன் மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டான். "நான் எதையும் இன்ஸ்டால் பண்ணலையே அண்ணே" என்றான். உண்மைதான். மேலே மஞ்சள் பட்டையில் வரும் 'எனேபிள் எடிட்டிங்'கை அமுக்கியிருக்கிறான், அவ்வளவுதான். அதை எல்லா ஃபைலுக்கும் எல்லாரும் அமுக்குகிறார்கள்.

அந்தக் கணினியில் இருந்தது ஆபீஸ் 2010, அப்டேட் நிறுத்தி வைத்தது. அதற்குள் கணக்குச் சமன்பாடுகள் எழுத ஈகுவேஷன் எடிட்டர் என்று ஒரு குட்டி நிரல் உண்டு. 2000-ஆம் ஆண்டில் கம்பைல் செய்யப்பட்டு அப்படியே தொடர்ந்து வந்தது. ஃபைலுக்குள் இருக்கும் ஃபான்ட் பெயரைப் படிக்கும்போது அது எவ்வளவு நீளம் என்று இந்த நிரல் பார்க்காது. ஒதுக்கிய இடத்தைவிட நீளமான பெயரைக் கொடுத்தால், மிச்சம் வழிந்து நினைவகத்தின் பக்கத்து இடத்தில் விழும். இந்த வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி அங்கேதான் இருக்கிறது. அதன் மேல் வேறு முகவரியை எழுதிவிட்டால், திருடன் காட்டிய இடத்துக்கு நிரல் போய், அவன் சொன்ன ஃபைலை இணையத்திலிருந்து இறக்கி ஓட்டும். மைக்ரோசாஃப்ட் 2017 நவம்பரில் இந்த ஓட்டையை அடைத்தது, 2018 ஜனவரியில் அந்த நிரலையே எடுத்துவிட்டது. அதன் பிறகும் லோக்கிபாட், ஏஜென்ட் டெஸ்லா போன்ற திருட்டு நிரல்கள் இதே ஓட்டை வழியாகப் பரவின. அப்டேட் வாங்காத கணினிகள் அத்தனை இருந்தன.

அப்டேட்டை நிறுத்துவது பெரும்பாலும் கடைக்காரர் அல்ல, எங்கள் தொழில்காரர்கள். திருட்டு ஆபீஸைப் போட்டுவிட்டு, லைசென்ஸ் இல்லாமல் ஓட வைக்கும் கிராக் போய்விடக் கூடாதே என்று அப்டேட்டை அணைத்துக் கொடுக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, எடுப்பது எப்படி? முதலில் நெட் கேபிளைப் பிடுங்க வேண்டும், வைஃபையை அணைக்க வேண்டும். அந்தக் கடைக் கணினியில், தானாக எழும் நிரல்களைப் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் என்ற கருவியை ஓட்டியபோது, நிரல்கள் தங்கள் தகவலை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருந்த ஒரு ஃபைல் இளஞ்சிவப்பு வரியில் வந்தது. தயாரித்தவர் பெயரில்லை, டிஜிட்டல் கையொப்பமும் இல்லை. ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி, ஃபைலை அழித்து, ரீஸ்டார்ட் செய்தால் மறுபடியும் உட்கார்ந்திருக்கிறது! குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை அதைத் திரும்ப எழுப்பிக்கொண்டிருந்தது. முதலில் அதை நீக்கி, அப்புறம் ஃபைலை நீக்கி, விண்டோஸோடு வரும் டிஃபென்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுத்தேன். விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடும் சோதனை என்பதால் ட்ரோஜன் அதனிடமிருந்து ஒளிந்துகொள்வது கடினம்.

அதோடு நிறுத்தவில்லை. வங்கி வேலை நடக்கும் கணினி என்றால் ஃபார்மட்தான், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. டேலி டேட்டா, எக்செல், படங்களை மட்டும் எடுத்து வைப்பேன், இன்ஸ்டாலர் எதையும் எடுக்க மாட்டேன்.

முதலாளிகளுக்குப் புரிய வைக்கக் கஷ்டமான விஷயம், போன பாஸ்வேர்டு போனதுதான் என்பது. ஏஜென்ட் டெஸ்லா மாதிரியானவை தட்டச்சு செய்வதையும் பிரவுசரில் சேமித்ததையும் அள்ளி அனுப்பிவிடும். கணினி சுத்தமானாலும் அவை வெளியே இருக்கின்றன. ஆகவே வேறொரு நல்ல கருவியிலிருந்து மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும், எல்லா இடத்திலும் லாக்-அவுட் கொடுக்க வேண்டும். மெயில் செட்டிங்கில் யாருக்காவது தானாக ஃபார்வர்டு போகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். பணம் போயிருந்தால் யோசிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைத்து, வங்கிக்கும் சொல்ல வேண்டும்.

சுருக்கி அனுப்பிய ஃபைல்களை விரிக்கும் வின்ரார் இன்னொரு பெரிய ஓட்டை. அது தானாக அப்டேட் ஆகாது. 2019-ல் ஒன்று, 2023-ல் ஒன்று, 2025-லும் என்று பெரிய குறைகள் வெளிவந்து அடைக்கப்பட்டன. 7.13-க்கு முந்தைய பதிப்பு எந்தக் கடையில் இருந்தாலும் கேட்காமலே மாற்றிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. "இத்தனை வருஷம் ஓடுச்சே தம்பி" என்கிறவர்களிடம் அந்தத் தேதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கடையில் பழைய ஆபீஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸ் போட்டோம். பில்லில் கட்டங்கள் நகர்ந்துவிட்டன என்று முதலாளிக்கு வருத்தம். மறுநாள் காலை உட்கார்ந்து அதைச் சரிசெய்து கொடுத்தேன்.